குமிழி இல்லாத புட்டி

ஃப்ரிட்ஜைத் திறந்த மகளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. மேல்தட்டு காலி. அதில் நின்ற பன்னிரண்டு புட்டிகளும் கழுவிச் சமையல் மேடையில் கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தன.

"அத்தை, இதுல இருந்த தண்ணி எங்க?"

"டீக்கு ஊத்திட்டேம்மா. குழாயில சொட்டு வரல. துக்கத்துக்கு வந்தவங்க தொண்டையாவது நனைய வேணாமா?"

கூடத்தில் அப்பாவைக் கிடத்தியிருந்தார்கள். சுற்றி உட்கார்ந்தவர்கள் அவருடைய மூன்று மாத உழைப்பைக் குடித்துக்கொண்டிருந்தார்கள். டீ ஒரு மாதிரி இருப்பதாக ஒருவர் முணுமுணுத்தார். சுண்ணாம்பு மலைத் தண்ணீர் வேறெப்படி இருக்கும்.

இருபத்தொரு வருடமாகத் திங்கட்கிழமை தவறாமல் சுனைக்குப் போய் ஒரு புட்டி பிடித்து வந்தவர் அவர். எந்த மழை மலைக்குள் இறங்கியது, குகைகளில் எத்தனை மாதம் கிடந்தது என்று நீரிலுள்ள ஐசோடோப் அணுக்களின் விகிதத்தை வைத்து ஆய்வகத்தில் கண்டுபிடிப்பார்கள். குமிழி நுழைந்தால் நீர் ஆவியாகிக் கணக்கு கெட்டுவிடும் என்று தண்ணீருக்குள்ளேயே மூடியைத் திருகுவார். மகளின் கல்யாணமும் ஒரு திங்கட்கிழமைதான். மணமேடைக்கு ஈரக் காலோடு வந்து நின்றார்.

துக்கத்துக்கு வந்திருந்த ஆய்வகத்து உதவியாளர் தயங்கித் தயங்கிப் புட்டிகளைக் கேட்டார். அவள் அவர் கையிலிருந்த டீயைக் காட்டினாள். அவர் அதை மெல்லக் கீழே வைத்தார். பிறகு, காலையில் சார் பிடித்ததாவது இருக்கிறதா என்று கேட்டார்.

அப்போதுதான் ஆஸ்பத்திரியில் கொடுத்த பையை அவிழ்த்தாள். சுனைக்கரையில் சாய்ந்து கிடந்தவரோடு சேர்த்து எடுத்து வந்தவை: கண்ணாடி, சார்ஜ் குறையாத செல்போன், ஒரு புட்டி. லேபிளில் தேதி, நேரம் 7.10. கீழே, குறிப்பு என்ற இடத்தில், கோணல் எழுத்தில்: '6.50 முதல் நெஞ்சு வலி. மாதிரிக்குப் பாதிப்பில்லை.'

"கையில போன் இருந்திருக்கு," என்றாள் உதவியாளரிடம். "எனக்கு ஒரு வார்த்தை சொல்லத் தோணல. இதுல எழுதத் தோணிருக்கு."

அவளுக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. அப்படியே கொண்டுபோய்த் தொட்டியில் கொட்டிவிடலாம் என்றுதான் சமையலறைக்குப் போனாள். மூடியில் கை வைத்தவள், சின்ன வயதில் அப்பாவுக்குக் குமிழி பார்த்துக் கொடுத்த பழக்க தோஷத்தில் புட்டியைத் தலைகீழாகக் கவிழ்த்து வெளிச்சத்தில் பிடித்தாள். ஒரு குமிழிகூட இல்லை. மறுபடி நிமிர்த்தி, மறுபடி கவிழ்த்தாள்.

காலி மேல்தட்டில் அதை வைத்துக் கதவைச் சாத்தினாள்.

அத்தை பாத்திரத்தோடு வந்தாள். "இன்னும் நாலு பேர் வந்திருக்காங்க. தண்ணி ஏதாச்சும் இருக்கா?"

"இல்ல அத்தை," என்றபடி அவள் ஃப்ரிட்ஜ் கதவில் முதுகை அழுத்திச் சாய்ந்து நின்றாள்.