இரண்டாவது ஸ்பேனர்

அண்ணன்காரன் இறுக்கினால் தங்கச்சி பிடிப்பாள். தங்கச்சி இறுக்கினால் அண்ணன்காரன் பிடிப்பான். அந்த வொர்க்‌ஷாப்பில் வெகுகாலமாக இதுதான் சட்டம். ஹோஸ் வந்து சேருகிற இணைப்பு எதுவாக இருந்தாலும் இரண்டு ஸ்பேனர் வேண்டும். ஒன்று அடிக்கழுத்தை அசையாமல் பிடித்துக்கொள்ள, மற்றொன்று நட்டைத் திருப்ப. காருக்குள் ஒரு கை நுழையவே இடமில்லாத மூலைகளில் ஒரே ஆள் இரண்டையும் பிடிக்க முடியாது. அதனால் இரண்டு ஸ்பேனர் என்றால் இரண்டு ஆள். அவர்களுக்குள் பேச்சே இருக்காது. ஒரு கை நீளும், வேண்டிய சாமான் அந்தக் கைக்கு வந்துவிடும்.

பிறகு தங்கச்சி கல்யாணம் செய்துகொண்டாள். செய்துகொள்ளட்டும், யார் வேண்டாம் என்றது? அண்ணன்காரன்தான் முன்னால் நின்று நடத்திவைத்தான். மாப்பிள்ளை தங்கமான மனுஷன் என்று எல்லோரும் சொன்னார்கள், அவனும் சொன்னான். ஆனால் வந்த மனுஷன் ஆலையில் நீராவிக் குழாய் பொருத்துகிற ஃபிட்டராகப் போய்விட்டாரே, அங்கேதான் வந்தது வினை. ஒரு கணக்குப்பிள்ளையாகவோ துணிக்கடைக்காரராகவோ இருந்திருந்தால் லீவு நாளில் வொர்க்‌ஷாப்புக்கு மேலே மாடி வீட்டில் காலை நீட்டிக்கொண்டு படுத்திருப்பார். இவருக்கு ஸ்பேனர் பிடிக்கத் தெரிந்திருந்தது. பழைய சட்டையை மாட்டிக்கொண்டு படியிறங்கி வந்து, "மச்சான், நான் ஏதாவது பிடிக்கட்டுமா?" என்பார். அதைக் கேட்டாலே அண்ணன்காரனுக்குக் காதில் புகை வரும். மனசுக்குள் அவருக்குக் 'குழாய்' என்று பேர் வைத்திருந்தான். வெளியே சொன்னதில்லை.

அவர்களிடம் ஒரு சிவப்புக் கார் இருந்தது. இரண்டே கதவு, தரையோடு தரையாக ஒட்டிக்கொண்டு நிற்கும், கிளப்பினால் மாடி ஜன்னல் கண்ணாடி அதிரும். அதன் இன்ஜினைப் பிரித்துப் போட்டு மறுபடி கட்டியது அண்ணன்காரன். பந்தயத்தில் ஓட்டுகிறது தங்கச்சி. போன பந்தயத்தில் முன்வரிசையில் ஓடிக்கொண்டிருந்தவள், ஆயில் சூடு காட்டுகிற முள் சிவப்புக் கோட்டைத் தாண்டிவிட்டதால் ஓரம் கட்ட வேண்டியதாயிற்று. வீடு வந்து சேர்கிறவரை வாயைத் திறக்கவில்லை. ஆயிலுக்கென்று தனியாக ஒரு கூலர் மாட்டினால் இந்தத் தொல்லை தீரும் என்று அண்ணன்காரனுக்கு அப்போதே தெரியும். அவள் கோபம் ஆறட்டும், நாளைக்குச் சொல்லலாம் என்று இருந்தான். மாப்பிள்ளை அன்றைக்கே சொல்லிவிட்டார். சொன்னதோடு விட்டாரா? அடுத்த வாரமே கூலரை வாங்கிக்கொண்டு அட்டைப்பெட்டியும் கையுமாக வந்து நின்றார்.

பெட்டியைப் பிரித்த தங்கச்சிக்கு வாயெல்லாம் பல். "அண்ணா, பாரேன், எவ்வளவு அழகா இருக்கு."

அழகாகத்தான் இருந்தது. சின்ன ரேடியேட்டர் மாதிரி, நெருக்கமான அலுமினியத் தகடுகள், மேலே ஹோஸ் மாட்ட இரண்டு கழுத்து. அண்ணன்காரன் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "பரவாயில்ல" என்றான். வயிறு எரிந்தது.

சனிக்கிழமை காலையில் மாட்ட ஆரம்பித்தார்கள். மறுநாள் பந்தயம். இன்ஜின் பக்க வேலை அண்ணன்காரனுடையது. ஆயில் ஃபில்டரைக் கழற்றிவிட்டு, இன்ஜினுக்கும் ஃபில்டருக்கும் நடுவில் தடித்த ஒரு வட்டத் தகட்டை வைக்க வேண்டும். தகட்டுக்குள் ஒரு தெர்மோஸ்டாட் உண்டு. ஆயில் நன்றாகச் சூடாகிறவரை அது கூலருக்குப் போகிற வழியை அடைத்து வைத்திருக்கும், சூடானதும் திறந்துவிடும். தகட்டிலிருந்து இரண்டு ஹோஸ் கிளம்பி முன்பக்கம் போய், பம்பருக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கிற கூலரில் சேரும். அந்த முன்பக்கத்தைத் தங்கச்சியும் மாப்பிள்ளையும் எடுத்துக்கொண்டார்கள். யாரும் அப்படிப் பிரிக்கவில்லை, தானாகவே அப்படி அமைந்துவிட்டது. தானாக அமைந்ததுதான் அவனுக்குத் தாங்கவில்லை.

காருக்கு அடியில் மல்லாந்து படுத்திருந்தவனுக்குப் பம்பருக்கு அந்தப் பக்கம் நாலு கால்கள் தெரிந்தன. "பிடிங்க", "விட்டுடாதீங்க", "மெதுவா" என்று தங்கச்சி குரல் கேட்டுக்கொண்டே இருந்தது. நடுவில் ஒரு சிரிப்பு.

"என்ன சிரிப்பு அங்க?"

"ஒண்ணுமில்லண்ணா. இவர் மூக்குல கிரீஸ்."

கிரீஸ் என்ன அப்படிப்பட்ட வேடிக்கையா? இந்தப் பதினைந்து இருபது வருஷத்தில் அண்ணன்காரன் மூக்கில் படாத கிரீஸா? ஒரு தடவை சிரித்திருப்பாளா? அவன் பல்லைக் கடித்துக்கொண்டு தகட்டின் போல்ட்டைத் திருகினான்.

மாப்பிள்ளைக்கு ஒரு பழக்கம். கையால் திருகி நிறுத்திவிட்டு இன்னும் ஸ்பேனர் போட்டு இறுக்காத இணைப்பு எதுவோ, அதில் ஒரு மஞ்சள் நாடாத் துணியைக் கட்டிவைப்பார். இறுக்கின ஆள்தான் அதை அவிழ்க்க வேண்டும். நீராவி வேலையில் அப்படித்தானாம். மறந்துபோன ஒரு இணைப்பு ஆளையே வேகவைத்துவிடும் என்பார். நல்ல பழக்கம்தான், அதை யாரும் குறை சொல்ல முடியாது. அண்ணன்காரனும் சொல்லவில்லை. "என்ன மாப்பிள்ளை, காருக்கு ரிப்பன் கட்டி அழகு பாக்குறீங்களா?" என்று மட்டும் கேட்டான்.

"மறதிக்காரன் மச்சான் நான்" என்று மாப்பிள்ளை சிரித்தார்.

தங்கச்சி சிரிக்கவில்லை. "நல்லாத்தானே இருக்கு. இனிமே நாமளும் கட்டலாம்ணா" என்றாள். இத்தனை காலம் ஞாபகத்திலேயே ஓடின வொர்க்‌ஷாப்புக்கு இனிமேல் நாடா வேண்டுமாம்.

மத்தியானம் ஆனபோது கூலரில் கடைசி இணைப்பு ஒன்று பாக்கி. "இதை நீங்க பாத்துக்கங்க, நான் சாப்பாட்டைச் சூடு பண்றேன்" என்று புருஷனிடம் சொல்லிவிட்டுத் தங்கச்சி மாடிக்குப் போனாள். மாப்பிள்ளை நாடாவைக் கட்டினார். "சாப்பிட்டு வந்து ரெண்டு பேரா இறுக்கிக்கலாம் மச்சான், வாங்க" என்றார்.

"நீங்க போங்க. நான் கை கழுவிட்டு வரேன்."

அவன் கை கழுவவில்லை. காரின் முன்னால் நின்றான். தலைக்கு மேலே நாற்காலி இழுபடுகிற சத்தம், தட்டு வைக்கிற சத்தம், அதற்கப்புறம் தங்கச்சியின் பேச்சு. என்ன பேசுகிறாள் என்று புரியவில்லை. ஆனால் விடாமல் பேசிக்கொண்டிருந்தாள். தன்னோடு நாள் முழுக்கக் கிடந்தாலும் பத்து வார்த்தை பேசாதவள். அது நெருக்கம் என்று இத்தனை நாள் நினைத்திருந்தானே, ஒருவேளை பேச ஒன்றும் இல்லாததுதானோ?

நாடாவைப் பார்த்தான். அவர் கட்டினது. அவிழ்த்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டான். ஸ்பேனரை எடுத்தான், ஒன்றே ஒன்று. பிடிக்க ஆள் வேண்டும், கூப்பிட்டால் அவள் வருவாள். கூடவே அவரும் வருவார். எதற்கு? இந்த இன்ஜினையே கட்டின கைக்கு ஒரு நட்டு பெரிய காரியமா?

நட்டு திரும்பியது, இறுகியது. இன்னும் கொஞ்சம் கொடுத்தான். அப்போது கைக்குள் ஏதோ இளகியது. நட்டு அல்ல, அதற்கு அடியில் இருந்த அலுமினியக் கழுத்து ஒரு நூல் அளவு முறுக்கிக்கொண்டது. குனிந்து பார்த்தான், விரலால் தடவிப் பார்த்தான். ஒன்றும் தெரியவில்லை. "ஒண்ணும் ஆகல" என்று தனக்கே சொல்லிக்கொண்டு மாடிக்குப் போய், வழக்கத்துக்கு மாறாக இரண்டாம் முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டான்.

கீழே வந்ததும் மாப்பிள்ளை நாடா இல்லாத இணைப்பைப் பார்த்தார். அண்ணன்காரனைப் பார்த்தார். அவன் ஆயில் டப்பாவின் மூடியைத் திறப்பதில் மும்முரமாக இருந்தான். மாப்பிள்ளை புனலை எடுத்து நீட்டினார்.

ஆயில் ஊற்றி, தங்கச்சி காரைக் கிளப்பினாள். எல்லா இணைப்பும் காய்ந்து சுத்தமாக இருந்தது. அண்ணன்காரனுக்கு மூச்சு வந்தது. இனி பயமில்லை என்றே நினைத்துவிட்டான். ஆயில் சூடேறியது, தெர்மோஸ்டாட் திறந்தது, முழு அழுத்தமும் கூலருக்குள் போய் மோதியது. பம்பருக்கு அடியில் ஒரு சொட்டு விழுந்தது. இன்னொன்று. அப்புறம் அது சொட்டாக இல்லை, கோடாக ஒழுகியது.

தங்கச்சி இன்ஜினை அணைத்துவிட்டு இறங்கி வந்தாள். விளக்கைப் பிடித்துப் பார்த்தாள். கழுத்தில் மயிரிழை மாதிரி ஒரு வெடிப்பு.

"முறுக்கியிருக்கு. பிடிக்காம ஒத்தை ஸ்பேனரால இறுக்கின வேலை இது." புருஷன் பக்கம் திரும்பினாள். "உங்ககிட்டதானே விட்டுட்டுப் போனேன்?"

மாப்பிள்ளையின் கண் ஒரே ஒரு தடவை அண்ணன்காரன் பக்கம் போய்விட்டுத் திரும்பியது. "ஆமா" என்றார். "பசி அவசரம். நான்தான்."

அவ்வளவுதான், பிடித்துக்கொண்டாள். நாளைக்குப் பந்தயம் என்று தெரியாதா, இதே கூலருக்கு இனி எந்தக் கடையைத் தேடி ஓடுவது, ஊருக்கெல்லாம் நாடா கட்டிப் பாடம் எடுக்கிறவர் செய்கிற வேலையா இது என்று பொரிந்து தள்ளினாள். கடைசியில் சொன்னாள்: "எங்கண்ணன் கை பட்டிருந்தா இப்படி ஆகியிருக்குமா?"

எத்தனை மாசமாக இந்த ஒரு வார்த்தைக்குக் காத்திருந்தான். உச்சி குளிர்ந்திருக்க வேண்டும். குளிரவில்லை. மாப்பிள்ளை தலையைக் குனிந்து, மூக்கில் அந்தக் கிரீஸோடு, வாங்கிக் கட்டிக்கொண்டு நின்றார். பார்க்கப் பார்க்க அண்ணன்காரனுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. குற்ற உணர்ச்சி என்று நினைக்காதீர்கள், அது பின்னால்தான் வந்தது. முதலில் வந்தது பொறாமைதான். கூலர் வாங்குவதில் முந்திக்கொண்டார், கூடப் பிடிப்பதில் முந்திக்கொண்டார், இப்போது பெரிய மனசிலும் இவரே முந்திக்கொள்வாரா? அதையும் விட்டுக்கொடுத்துவிட்டு அந்த வொர்க்‌ஷாப்பில் அவனுக்கு மிச்சம் என்ன?

சட்டைப்பையிலிருந்து மஞ்சள் நாடாவை எடுத்தான். குனிந்து, ஆயில் வழிகிற அந்த இணைப்பிலேயே அதைக் கட்டினான். ஆயில் வழுக்கியதால் முடிச்சு உடனே விழவில்லை.

தங்கச்சி நாடாவைப் பார்த்தாள், அவன் பையைப் பார்த்தாள். பேச்சு அப்படியே நின்றது. அவர்களுக்குள் வார்த்தை வேண்டியதில்லை என்றேனே, அன்றைக்கும் வேண்டியிருக்கவில்லை.

விளக்கைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டாள். "ஒரு குரல் கொடுத்திருந்தா இறங்கி வந்திருக்க மாட்டேனா?"

"நீங்க பேசிக்கிட்டு இருந்தீங்க" என்றான். சொன்ன பிறகுதான் அது எவ்வளவு சின்னப்பிள்ளைத்தனமாக இருக்கிறது என்று அவன் காதுக்கே கேட்டது.

தங்கச்சி கவிழ்த்துப்போட்ட டப்பா மேல் உட்கார்ந்து இரண்டு கையாலும் முகத்தைத் தேய்த்துக்கொண்டாள். பிறகு எழுந்தாள். "அழறது, சண்டை போடறது எல்லாம் திங்கட்கிழமை. நாளைக்கு வண்டி ஓடணும்."

"எங்க ஆலையில அலுமினியம் வெல்டிங் இருக்கு. நானே வெப்பேன்" என்றார் மாப்பிள்ளை.

கூலரைக் கழற்றி, பெட்ரோல் ஊற்றி ஆயில் வாடையே இல்லாமல் கழுவி, நன்றாகக் காயவைத்தான் அண்ணன்காரன். அவனும் மாப்பிள்ளையும் வேனில் போனார்கள். ஆலையில் அவன் கூலரை அசையாமல் பிடித்துக்கொள்ள, மாப்பிள்ளை வெல்டிங் வைத்தார். காற்று அடித்துத் தண்ணீரில் அமிழ்த்திப் பார்த்தார்கள். ஒரு குமிழி இல்லை. அண்ணன்காரன் வெல்டிங் விழுந்த கோட்டை நகத்தால் தடவி ஏதாவது குறை அகப்படுமா என்று தேடினான். அகப்படவில்லை. வயிறு மறுபடியும் எரிந்தது, அது பாட்டுக்கு எரியட்டும் என்று விட்டுவிட்டான்.

திரும்பி வந்து பழையபடி மாட்டி, கடைசி இணைப்புக்கு வந்தார்கள். மாப்பிள்ளை பழக்கம் மாறாமல் அதில் நாடாவைக் கட்டியிருந்தார். தங்கச்சி, "நீங்க ரெண்டு பேருமே இறுக்குங்க. நான் உள்ள உக்காந்து முள்ளைப் பாக்குறேன்" என்று சொல்லிவிட்டுக் காருக்குள் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டாள். ஓடாத காரில் எந்த முள்ளைப் பார்ப்பாள்? அண்ணன்காரனுக்குப் புரிந்தது. கழுத்தில் ஸ்பேனரைப் போட்டுப் பிடித்தான். மாப்பிள்ளை நட்டில் போட்டார். இரண்டு தலையும் இடித்துக்கொள்கிற நெருக்கம்.

"மச்சான், ஒண்ணு சொன்னா தப்பா எடுத்துக்க மாட்டீங்களே?"

"சொல்லுங்க."

"உங்களைப் பாத்தா எனக்கு வயித்தெரிச்சல்."

அண்ணன்காரன் நிமிரப் போய்ப் பம்பரில் இடித்துக்கொண்டான்.

"நீங்க கையை நீட்டுறீங்க, அவ சாமானை வெக்கிறா. அவ நீட்டுறா, நீங்க வெக்கிறீங்க. ஒரு வார்த்தை இல்ல. எனக்கு இந்த நாடாவைக் கட்டித்தான் சொல்ல வேண்டியிருக்கு. மேல அவ அவ்வளவு பேசறாளே, ஏன்? பேசினாத்தான் எனக்குப் புரியுது. நானும் ஒவ்வொரு லீவு நாளும் இறங்கி வந்து பாக்குறேன், எனக்கு அது வரவே மாட்டேங்குது."

அண்ணன்காரன் ஸ்பேனரை மாற்றிப் பிடித்தான். "இது எவ்வளவு நாளா?"

"கல்யாணம் ஆனதிலேருந்து."

"தினமுமா?"

"லீவு நாள்ல கொஞ்சம் அதிகம்."

மனுஷன் இப்படி மனசைத் திறந்து கொட்டினால் ஆறுதலாக ஒரு வார்த்தை சொல்வதுதான் முறை. அண்ணன்காரனால் முடியவில்லை. அவனுக்கு அவ்வளவு சந்தோஷமாக இருந்தது. எரிச்சல் இந்தப் பக்கம் மட்டும் இல்லை, அந்தப் பக்கமும் எரிந்திருக்கிறது, அதுவும் தன்னைப் பார்த்து. சிரிப்பை அடக்கக் கன்னத்தைக் கடித்துக்கொண்டான். "சரி, நல்லாப் பிடிச்சிருக்கேன். திருப்புங்க" என்றான்.

நட்டு திரும்பி இறுகியது. கழுத்து அசையவில்லை.

"ஆச்சா?" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது.

மாப்பிள்ளை நாடாவை அவிழ்த்தார். அவருக்கு ஒரு கையில் ஸ்பேனர், மறு கையெல்லாம் ஆயில், நாடாவை எங்கே வைப்பது என்று தடுமாறினார். வெல்டிங் கோட்டை விட்டுக் கண்ணை எடுக்காமலே அண்ணன்காரன் கையை நீட்டினான். நாடா அந்தக் கைக்கு வந்தது.

"ஆச்சு" என்றான். "கிளப்பு."