லார்னெலின் எந்தக் குரல்?

1

இந்தக் கதையை நான் எழுத நினைக்கவே இல்லை. ஹூஸ்டனில் எங்கள் தெருவுக்கு மறைந்த ராப் பாடகர் லார்னெலின் பெயரை வைக்கப்போகிறார்கள். விழா மலருக்கு ஒரு பக்கம் எழுதித் தரச் சொன்னார் அவர் மனைவி வெர்லீன். ஒரு பக்கம்தானே என்று தலையாட்டி மாட்டிக்கொண்டேன்.

2

முதல் தொடக்கம்: "இடி போன்ற குரல் கொண்ட லார்னெல்…"

(கோடு போட்டு அடித்தாயிற்று. வெர்லீன் படித்துவிட்டுச் சிரித்தார்: "இடியா? அந்த மனுஷனுக்குக் கீச்சுக் குரலு. போன எடுத்தா அவங்கம்மான்னு நெனச்சுப் பேசுவாங்க.")

உண்மைதான். லார்னெல் பாடியதை அவர் நண்பர் ரூஸ்வெல்ட் வேகம் குறைத்துக் கேசட்டாக்கி, கார் டிக்கியில் வைத்து விற்றார். எங்கள் பக்கம் காரும் மெதுவாகப் போக வேண்டும், பாட்டும் மெதுவாகப் போக வேண்டும். வேகம் குறைந்தால் குரல் கனக்கும். ஊருக்குத் தெரிந்தது அந்தக் கனத்த குரல்தான்.*

* எனக்கும் அதுதான் தெரியும். இந்த லட்சணத்தில் வரலாறு எழுதுகிறேன்.

3

விழாவில் ஒரு நிமிடம் அவர் குரல் ஒலிக்க வேண்டும். இத்தனை காலம் கேட்கத் தைரியமில்லாமல் பெட்டியில் பூட்டியிருந்த வேகம் குறைக்காத மூலப் பதிவை வெர்லீன் சமையலறையில் என் எதிரில் போட்டார். மகள் கியானா நிமிர்ந்தாள். அப்பா இறந்தபோது அவள் எட்டு மாதக் குழந்தை.

"யாரும்மா இது?"

"உங்கப்பாதான்டி."

"வெளையாடாதம்மா. அப்பா குரல் எனக்குத் தெரியாதா? சின்ன வயசுலேர்ந்து அதக் கேட்டுத்தான தூங்கறேன்!"

"நீ கேட்டது ரூஸ்வெல்ட்டோட மெஷின. நான் கட்டிக்கிட்டது இவர. இருபது வருஷமா ஊருக்காகப் பொறுத்துக்கிட்டேன். ஒரே ஒரு நிமிஷம் எனக்கு வேணும்."

"அப்ப நான் யாரக் கேட்டு வளந்தேன்?"

வறுத்த கெளுத்தி மீன் தட்டிலேயே ஆறியது. யாரும் சாப்பிடவில்லை.

4

முடிவு ஒன்று: கனத்த குரல். ஊரே கூடச் சேர்ந்து பாடும். வெர்லீன் முன்வரிசையில் வேறு யார் குரலையோ கேட்டபடி உட்கார்ந்திருப்பார்.

முடிவு இரண்டு: கீச்சுக் குரல். கூட்டம் சிரிக்கும். கியானா எழுந்து

(இதை முடிக்க மனம் வரவில்லை.)

முடிவு மூன்று: அரை நிமிடம் அது, அரை நிமிடம் இது. சொன்னேன். அம்மாவும் மகளும் அன்று ஒற்றுமையாய் இருந்தது இதில் மட்டும்தான்: "கேக்கா வெட்டறீங்க?"

5

நேற்று கியானா தனியாக என் வீட்டுக்கு வந்து, விழாவுக்காக என்னிடம் தந்திருந்த மூலப் பதிவைப் போட்டுக் கேட்டாள். இரண்டு முறை.

"யாரோ, நல்லாத்தான் பாடறாரு," என்றாள், கண்ணைத் துடைத்துக்கொண்டு.

அது சம்மதமா, மறுப்பா? தெரியவில்லை. கேட்கவும் பயமாக இருந்தது.

சனிக்கிழமை காலை பத்து மணிக்கு விழா. எந்தக் குரல் என்று தீர்மானிக்கும் பொத்தானை என்னிடம் கொடுத்திருக்கிறார்கள். நான் உங்களிடம் கொடுக்கிறேன். அழுத்திவிட்டு அந்த இருவர் முகத்தையும் நீங்களே பாருங்கள். என்னால் முடியாது.