விதைக்காமல் விட்ட மூன்றடி

“மாமா, அந்தச் சாமந்தி மாலையக் கொஞ்சம் குடு மாமா. தலைவருக்கு வாங்கின மாலை இன்னும் வந்து சேரல. கூட்டேரிப்பட்டுல டிராபிக்காம்.”

கேட்டவன் வல்லரசு. என் அக்கா மகன். கட்சியில் ஒன்றியப் பொறுப்பு. அவன் கேட்ட மாலை, என் பெண்டாட்டி பூமாலையின் கல்லறைக்குப் போட நான் விடியற்காலையில் உட்கார்ந்து கட்டியது. அவள் செத்து இது முதல் கல்லறைத் திருநாள்.

“செத்தவளுக்குக் கட்டினதுடா இது.”

“அத்தை இன்னா கோச்சிக்கவா போவுது? தலைவர் ஒரு போட்டோவுக்குப் போட்டுக்கினு அப்புறம் அத்தை மேட்டுலயே வெச்சிடுவாரு. பெருமைதான மாமா?”

கிண்டலாகச் சொல்லியிருந்தால் அறைந்திருப்பேன். பாவி, மனசாரச் சொன்னான். மாலையை மார்போடு அணைத்துக்கொண்டு திரும்பி நின்றேன். மணி பத்தரை. ஆறு மணிக்கு வந்து நின்றவர்கள் நாங்கள். பாதர் ஏழு மணிக்கு வந்து, முக்கால் மணி நேரம் காத்திருந்துவிட்டு, “எனக்கு இன்னும் மூணு ஊர் கல்லறை இருக்கு, ஜெபத்தை நீங்களே சொல்லி முடிச்சிடுங்க உபதேசியாரே” என்று பைக்கை எடுத்துக்கொண்டு போய்விட்டார். நான்தான் உபதேசியார், அந்தோணிசாமி. கோயிலில் ஜெபம் சொல்லிக் கொடுப்பதும் சாவு வீட்டில் முன்னால் நடப்பதும் என் வேலை. இருபத்திரண்டு வருஷத்தில் எத்தனையோ பேரை அடக்கம் பண்ணியிருக்கிறேன். இப்படி ஒரு கல்லறைத் திருநாளை, மைக் டெஸ்ட் ஒன் டூ த்ரீயோடு, நான் பார்த்ததில்லை.

எங்கள் கல்லறைத் தோட்டம் ரோட்டிலிருந்து கூப்பிடு தூரம்தான். நடுவில் அப்பாதுரையின் நிலம். பழைய வரைபடத்தில் அதில் ஒரு பாதை இருக்கிறது, புதிய வரைபடத்தில் இல்லை. பாதை உண்டு என்று நாங்கள், கிடையாது என்று ஊர்க்காரர்கள், கேஸ் கோர்ட்டில். ஒன்பது வருஷமாகச் சமாதானக் கூட்டம் போட்டுப் போட்டு டீ குடித்ததுதான் மிச்சம். அதுவரைக்கும் செத்தவர்களை எப்படிக் கொண்டுபோவதாம்? பின்பக்கம் ஏரி வழியாக; அதுவும் அடக்கத்துக்கு மட்டும்தான் விடுவார்கள். போன டிசம்பர் மழையில் பூமாலை செத்தாள். இடுப்புத் தண்ணீரில் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனோம். நடுவில் ஒருவன் கால் வழுக்கி, பெட்டி ஒருபக்கமாகச் சாய்ந்து, தலைமாடு முழுக்கத் தண்ணீருக்குள் போய்விட்டது. உள்ளே தண்ணீர் ஏறியிருக்குமா என்று இன்றைக்கும் நினைத்துக்கொண்டுதான் படுக்கிறேன்.

அன்றைக்கு மோட்டார் கொட்டகை வாசலில் நின்று அப்பாதுரை அதைப் பார்த்தான். ஒரு வார்த்தை பேசவில்லை. ஆறு மாசம் கழித்து, மயிலம் பஸ் ஸ்டாப் டீக்கடையில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். என் முகத்தைப் பார்க்காமல் ரோட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னான்: “நவம்பர் ரெண்டாந்தேதி காலையில நான் ஊர்ல இருக்க மாட்டேன். மயிலம் கோயில்ல ஒரு வேண்டுதல். திரும்பி வர மத்தியானம் ஆவும்.” டீக்குக் காசு வைத்துவிட்டு எழுந்து போய்விட்டான்.

பிறகு ஆடியில் வேர்க்கடலை, எங்கள் பக்கத்துப் பேச்சில் மல்லாட்டை, போட்டான். வரப்போரமாக, ரோட்டிலிருந்து கல்லறை வேலி வரைக்கும், மூன்றடி அகலத்துக்கு விதைக்காமல் விட்டான். ஊர்க்காரர்கள் கேட்டதற்கு, “விதை பத்தல” என்றானாம். முப்பது வருஷமாக மல்லாட்டை போடுகிறவனுக்கு விதை பத்தலையாம்! ஊருக்கும் புரிந்தது, காலனிக்கும் புரிந்தது. யாரும் வாயைத் திறக்கவில்லை. திறக்காத வரைக்கும்தான் அது பாதை.

எனக்கு எரிச்சல் இல்லாமல் இல்லை. எங்கள் பாதையில், அவன் இல்லாத நேரம் பார்த்து, திருடன் மாதிரி போக வேண்டுமா? இருந்தாலும் எனக்கு அவள் மேட்டில் ஒரு மெழுகுவத்தி ஏற்ற வேண்டும். வேறு எதுவும் வேண்டாம். எல்லோரிடமும் சொல்லி வைத்தேன்: ஆறு மணிக்கு ரெண்டு ரெண்டு பேராகப் போவோம், பாட்டு வேண்டாம், ஏழரைக்குள் திரும்பிவிடுவோம்.

வல்லரசுதான் கேட்டான். “நம்ம செத்தவங்களப் பாக்க நாம எதுக்கு மாமா பதுங்கிக்கினு போவணும்? உரிமையோட போவோம்.” அவன் கேட்டதில் தப்பு என்ன இருக்கிறது? அந்த ஒரு நிமிஷம் நான் வாயடைத்து நின்றதுதான் வினை. ரெண்டே நாளில் கூட்டேரிப்பட்டிலிருந்து எங்கள் ஊர் வரைக்கும் போஸ்டர். பாதை மீட்புப் பயணம், தலைவர் நேரில் வருகிறார். அந்தப் பக்கம் ஊர்க்காரர்களும் அம்மன் கோயில் எதிரே பந்தல் போட்டு உட்கார்ந்துவிட்டார்கள். இன்ஸ்பெக்டர் அம்மா என் வீட்டுக்கே வந்து, “வேற ஒரு நாள் வரச் சொல்லுங்க அய்யா, உங்களுக்குப் புண்ணியமா போவும்” என்று கெஞ்சிப் பார்த்தார். தலைவருக்கு வேறு நாள் தோதுப்படவில்லையாம். செத்தவர்களுக்கும் இந்த ஒரு நாள்தான் என்று யார் போய் அவரிடம் சொல்வது?

பதினொன்றேகாலுக்குப் பதினாறு கார் வந்தது. அவருடைய ரோஜா மாலையும் வந்து சேர்ந்தது, நல்லவேளை. ஜீப் மேல் ஏறி நின்றார். கெட்ட மனுஷர் என்று சொல்ல மாட்டேன். எங்கள் கஷ்டமெல்லாம் விசாரித்து வைத்திருந்தார், பூமாலை பெயரைக்கூடத் தப்பில்லாமல் சொன்னார். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அப்புறம் சொன்னார்: “இதோ பாருங்கள் தோழர்களே, இந்த மூன்றடி நிலம்! நிலத்துக்குச் சொந்தக்காரரான அய்யா அப்பாதுரை அவர்களே மனசாட்சியோடு பாதையை ஒப்புக்கொண்டு விதைக்காமல் விட்டிருக்கிறார். அவருக்கு என் நெஞ்சார்ந்த நன்றி!”

கை தட்டினார்கள். விசில் அடித்தார்கள். அய்யோ, போச்சுடா! திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை. நன்றி சொல்லித் தொலைத்துவிட்டாரே! வல்லரசு அதை அப்படியே லைவில் போட்டுக்கொண்டிருந்தான்.

தலைவர் நடக்க ஆரம்பித்தார். மூன்றடிப் பாதை, முந்நூறு பேர். போட்டோ எடுப்பவர்கள் முன்னால் பின்பக்கமாகவே நடந்தார்கள். பிடுங்க ஒரு வாரமே இருந்த மல்லாட்டைச் செடி மொத்தமும் காலடியில் மசிந்தது. பாதி தூரம்கூடப் போயிருக்க மாட்டோம். ஊர்க்கூட்டம் எதிரில் வந்துவிட்டது. அவர்களுக்கு முன்னால், டிவிஎஸ்ஸைக் கீழே போட்டுவிட்டு, நெற்றி நிறைய விபூதியோடு, அப்பாதுரை ஓடி வந்தான். மயிலத்தில் இருந்தவனுக்கு எத்தனை போன் போயிருக்குமோ.

“நான் பாதை எதுவும் வுடல” என்று கத்தினான். “விதை பத்தல. அவ்ளோதான். விதை பத்தல!”

அப்புறம் யார் யாரைத் தள்ளினார்கள் என்று கேட்டால் எனக்குத் தெரியாது. என் மாலை கீழே விழுந்தது, எடுக்கக் குனிந்தேன், அதற்குள் பத்துப் பேர் மிதித்துவிட்டார்கள். போலீஸ் நடுவில் புகுந்தது. தலைவரை நாலு பேர் அணைத்துத் திருப்பி வண்டியில் ஏற்றினார்கள். “போராட்டம் தொடரும்” என்று கண்ணாடியை இறக்கிச் சொன்னார். விழுப்புரத்தில் ஒரு மணிக்குப் பத்திரிகைக்காரர்களைப் பார்க்க வேண்டுமாம். பதினாறு காரும் போய்விட்டது.

இன்ஸ்பெக்டர் அம்மா வரப்போரம் முழுக்கக் கயிறு கட்ட வைத்தார். “மேலிடத்து உத்தரவு. பட்டாக்காரர் தவிர யாரும் கயித்தத் தாண்டக் கூடாது. பத்து நாளைக்கு” என்றார். பத்து நாளா? இன்றைக்கு ராத்திரியோடு திருநாளே முடிந்துவிடும் தாயே என்றேன். அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

எங்கள் ஜனம் கயிற்றுக்கு இந்தப் பக்கம், ஊர் ஜனம் அந்தப் பக்கம் புளியமரத்து நிழலில். எல்லார் கையிலும் தூக்கிப் பிடித்த செல்போன். நடுவில் அப்பாதுரை ஒருவன்தான், மிதிபட்ட செடியைப் பிடுங்கிப் பிடுங்கி, காய் தேறுமா என்று உதறிப் பார்த்துக்கொண்டிருந்தான். அதைப் பார்க்கப் பார்க்க எனக்கு எங்கிருந்து அவ்வளவு கோபம் வந்ததோ.

“யோவ் அப்பாதுரை!”

ஒன்பதாவது வரைக்கும் அவனும் நானும் ஒரே பெஞ்சு. ஆனால் ஊர்க்காரர்கள் எதிரில் நான் அவனை வாங்க, போங்க என்றுதான் கூப்பிட வேண்டும். நாற்பது வருஷத்தில் முதல் தடவையாக வாய் தவறியது. நிழலில் இருந்தவர்கள் எழுந்து நின்றார்கள்.

“இன்னாய்யா?” என்றான் அவன்.

“நீதான பட்டாக்காரன்? உன்னாலதான உள்ள போவ முடியும்? இந்தா மெழுகுவத்தி. நீயே போய்க் கொளுத்து.”

“எனக்கு இன்னா தலையெழுத்தா? எம் பயிரப் பாத்தியா நீ? நான் வாயத் தொறந்தனா? கம்முனு போய்க் கோயில்ல குந்திக்கினு இருந்தன். உங்கள எவன் ஸ்பீக்கர் கட்டச் சொன்னது? எம் பொழப்பே பேஜாராப் போச்சு.”

“நீ வாயத் தொறக்காம நின்னுக்கினு இருந்ததாலதான்யா எம் பொண்டாட்டிய ஏரித் தண்ணில தூக்கினு போனேன்!”

அவன் கையிலிருந்த செடியைக் கீழே போட்டான். நிழலிலிருந்து யாரோ, “அப்பாதுர, நீ இந்தாண்ட வா. அவன் கூட இன்னா பேச்சு?” என்று கூப்பிட்டார்கள். என் காதில் வல்லரசு, “மாமா, அவங்கிட்ட போய்க் கெஞ்சாத மாமா. அசிங்கம். மீடியா இருக்குது” என்றான்.

“வாய மூடுடா” என்றேன் நான். அதே நேரத்தில் அப்பாதுரையும் திரும்பி நின்று, “கம்முனு இருங்கய்யா” என்று தன் ஆட்களைப் பார்த்துக் கத்தினான்.

கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு கயிற்றுப் பக்கம் வந்தான். என் கையிலிருந்த மெழுகுவத்தியை வெடுக்கென்று பிடுங்கினான்.

“எது?”

“வேப்பங்கன்னு இருக்குது பாரு. அதுக்கு எடது கைப் பக்கம் மூணாவது மேடு.”

அவ்வளவுதான். எனக்குப் பின்னாலிருந்து கை மேல் கை நீண்டது. அம்சவள்ளி தன் மகனுக்கு ஒன்று, துரைக்கண்ணு தன் அப்பாவுக்கு ஒன்று, வேலியோரம், பனைக்குப் பக்கம், சிமெண்ட் சிலுவை, செங்கல் நட்டது என்று ஆளாளுக்குக் கத்தினார்கள். “ஒவ்வொருத்தரா சொல்லுங்கய்யா! நான் இன்னா ரேஷன் கடையா வெச்சினு இருக்கிறன்?” என்று எரிந்து விழுந்தான். மெழுகுவத்திகளை மடியில் அள்ளிக் கட்டினான். இன்ஸ்பெக்டர் அம்மா யாரிடமோ போனில் பேசுகிற மாதிரி அந்தப் பக்கமாக நடந்தார்.

அவன் வேலியைத் தாண்டி உள்ளே போனான். இந்த வருஷம் ஒருவரையும் உள்ளே விடாததால் களை பிடுங்கவில்லை. மழைக்குப் புல் முழங்கால் உயரம். மேடு எது, பள்ளம் எது என்று தெரியவில்லை. ஓர் இடத்தில் குனிந்தான். “அது இல்ல, அது எங்க சின்னாயி மேடு!” என்று பின்னால் ஒருத்தி அலறினாள். நிமிர்ந்து, காலால் புல்லை விலக்கி விலக்கி, வேப்பங்கன்றுக்கு வந்தான். முதலில் என் பெண்டாட்டியைத்தான் தேடுகிறான் என்று புரிந்தது.

இடது பக்கம் மூன்றாவதில் நின்று, பூமியைக் காட்டி, இதுவா என்பதுபோலக் கையை ஆட்டினான்.

இதுதான் என்று காட்டக் கையைத் தூக்கியவன் அப்படியே நின்றுவிட்டேன். நான் அந்த இடத்தைப் பார்த்தது ஒரே தடவை. கொட்டுகிற மழையில், ஏரிப் பக்கத்திலிருந்து ஏறி வந்து பார்த்தது. எனக்கு அன்றைக்கு இடது பக்கம் என்றால், இங்கிருந்து அது எந்தப் பக்கம்? வலதா? வேப்பங்கன்று எனக்கு முன்னால் இருந்ததா, பின்னாலா? மண்டைக்குள் அந்த மழை மட்டும்தான் இருந்தது.

“சொல்லு மாமா, பாத்துக்கினு இருக்கான் இல்ல?” என்றான் வல்லரசு. அவன் குரலே மாறியிருந்தது.

அப்பாதுரை வலது பக்கம் போய் அங்கே ஒரு மேட்டைக் காட்டினான். அப்புறம் மறுபடி இடது பக்கம் வந்தான். தீக்குச்சியைக் கிழித்தான். காற்றில் அணைந்தது. இன்னொன்று கிழித்து, மெழுகுவத்தியை ஏற்றி, உள்ளங்கையால் அதை மறைத்துக்கொண்டு, முழங்காலளவு புல்லுக்கு நடுவில் என்னையே பார்த்தபடி நின்றான். நான் தூக்கிய கை தூக்கியபடியே இருந்தது.