ஓரத்து வரிசை பூத்துவிட்டது

1
ஈப்போவில் ஒரு கண் மருத்துவரின் அறைக்கு வெளியே இந்தக் கதை எனக்குக் கிடைத்தது. எழுதப் பிடிக்கவில்லை. அண்ணன் சுகுமாரன் கேட்டதால் எழுதுகிறேன்.

முதல் தொடக்கம்: ‘ஒளி ஒரு புரதத்தைத் தொடும்போது அது—’ வேண்டாம். பாடப் புத்தகம் மாதிரி இருக்கிறது.

இரண்டாவது: ‘எங்கள் அப்பா குடிகாரர்.’ ரப்பர் தோட்டத்தில் எல்லோரும் அப்படித்தான் சொன்னார்கள். பொழுது சாய்ந்தால் கால்வாயில் விழுவார், மரத்தில் மோதுவார். அம்மா முகம் கொடுக்காமல் சோறு போடுவார்.*

(* அவர்மேல் சாராய வாடை அடித்ததாக யாரும் சொன்னதில்லை. இருட்டில் தடுமாறும் ஆணுக்கு எங்கள் தோட்டத்தில் வேறு காரணம் எவருக்கும் தோன்றாது.)

2
அண்ணனுக்குக் கேமரன் மலையில், சாமந்தித் தோட்டத்தில் வேலை. அங்கே இரவில் செடிகளுக்கு மேல் விளக்கு எரியும். நீண்ட இருட்டு கிடைத்தால் சாமந்தி மொட்டு விட்டுவிடும். தண்டு வளரும்வரை அதை ஏமாற்ற வேண்டும். (இலையில் பைட்டோகுரோம் என்றொரு புரதம். சிவப்பு ஒளியில் விழித்து, இருட்டில் மெல்ல உறங்கும். அதை வைத்துத்தான் செடி இரவை அளக்கிறது.)

மாலையில் நடந்து பார்த்து, எரியாத பல்புகளை மாற்றுவது அண்ணனின் பொறுப்பு. ஓரத்து வரிசை விளக்குகள் பல நாளாக அணைந்து கிடந்தன. அண்ணன் கவனிக்கவில்லை. செடிகள் கவனித்தன. முழங்கால் உயரம்கூட வராமல் வரிசை முழுதும் பூத்துவிட்டது.

“மாபோக்கா?” என்று முதலாளி அவர் வாயை முகர்ந்தாராம். குடித்திருக்கிறாயா என்று, மலாயில். ரப்பர் தோட்டத்தில் அப்பாவிடம் கேட்ட அதே கேள்வி. அன்றோடு வேலை போயிற்று.

3
கண்ணில் இருப்பது ரொடாப்சின். ஒளி பட்டதும் வடிவம் மாறி, மூளைக்குச் சேதி போகச் செய்யும் புரதம். எங்கள் குடும்பத்தில் அது கோணலாக மடிகிறதாம். அதைத் தாங்கும் செல்கள் செத்து, பார்வை முதலில் இருட்டில் மங்கும், பிறகு ஓரத்திலிருந்து சுருங்கும். அண்ணனுக்கு மருந்து இல்லை என்றார் மருத்துவர்.

“அப்பா குடிக்கவே இல்ல, தினேஸ். அத எழுது,” என்றார் அண்ணன்.

“எழுதுறேன்ணே.”

“ஒனக்கும் பாதிக்குப் பாதி இருக்கலாமாம்லா. டெஸ்ட் எடுத்துரு.”

நான் நோட்டைத் திறந்து முதல் தொடக்கத்தை எழுதினேன்.

4
முடிவு அ: எனக்கு இல்லை. (அண்ணனின் முகத்தை எப்படிப் பார்ப்பேன்?)

முடிவு ஆ: எனக்கும்—

பொழுது சாய்கிறது. எழுதிய வரிகள் மங்குகின்றன. இந்த நேரத்தில் எல்லோருக்கும் மங்கும் என்றுதான் அண்ணனும் நினைத்திருந்தார். பயமாக இருக்கிறது. இப்போது கை பழக்கத்தில்தான் எழுதுகிறது.

உங்கள் வீட்டிலும் பொழுது சாய்ந்திருந்தால், விளக்கைப் போடாமல் இந்த வரியைப் படித்துப் பாருங்கள். தெரிந்தால் என்னிடம் சொல்ல வேண்டாம்.