லென்ஸோடு வாவியில் இறங்கியவள்

அஜந்தா கண்ணுக்கு லென்ஸ் போடுகிற நேர்த்தியைப் பார்த்தால் பூசைக்கு ஆயத்தமாகும் ஐயரே வெட்கப்படுவார். நகத்தை ஒட்ட வெட்டியிருப்பாள். சவர்க்காரம் போட்டுக் கை கழுவி, நூல் உதிராத துணியில் ஈரம் போகத் துடைப்பாள். சிமிழில் கிடக்கும் பழைய மருந்துத் தண்ணீரை ஊற்றிவிட்டு ஒவ்வொரு நாளும் புதிது விடுவாள். படுக்கும் முன் கழற்ற மறந்ததே இல்லை. எல்லாம் காத்தான்குடிக் கண்ணாடிக் கடையில் வேலை செய்யும் ஹிதாயா சொல்லிக்கொடுத்தது.

ஹிதாயா சொன்னவற்றில் ஒன்றை மட்டும் அவள் கேட்கவில்லை. தண்ணீருக்குள் இறங்கும் முன் லென்ஸைக் கழற்ற வேண்டும். கிணறோ குழாயோ கடலோ, எந்தத் தண்ணீரும் அதில் படக்கூடாது. அதற்கும் நல்ல பிள்ளையாகத் தலையாட்டிவிட்டுத்தான் வந்தாள். ஆனால் அவள் லென்ஸ் வாங்கியதே தண்ணீருக்காகத்தான். அது ஹிதாயாவுக்கு எப்படித் தெரியும்?

சுனாமி வந்த அன்று அஜந்தாவுக்குப் பதினெட்டு வயது. சோடாப் போத்தல் அடிபோல் தடித்த கண்ணாடி இல்லாவிட்டால் எதிரில் நிற்பது ஆடா ஆளா என்று தெரியாது. சொந்த ஊர் ஆரையம்பதிக்குள் ஏறிய கடல் முதலில் அவளுடைய கண்ணாடியைத்தான் பறித்தது. ஒரு பூவரசைக் கட்டிப்பிடித்துக்கொண்டு கிடந்தாள். சுற்றிலும் மூடுபனிபோல ஒரே மண்ணிறப் புகார். அப்போது கறுப்பாக ஏதோ ஒன்று அவளை நோக்கி வந்தது. எட்டினால் பிடிக்கலாம். மரக்கட்டையா? மனிதக் கையா? அவள் கண்ணை இடுக்கிப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது தாண்டிப் போய்விட்டது.

அன்று கரையில் கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்த அப்பா தங்கராசா திரும்பி வரவில்லை. உடலும் கிடைக்கவில்லை.

அந்தக் கறுப்பைப் பற்றி அவள் ஒருவரிடமும் வாய் திறக்கவில்லை. அம்மாவிடம் எப்படிச் சொல்வது? நூலகத்தில் வேலை கிடைத்ததும் லென்ஸ் போட்டாள். கலியாணப் பேச்சுக்காகத்தான் போடுகிறாள் என்று அயலுக்குள் பகிடி நடந்தது. நடக்கட்டும் என்று விட்டாள். கண்ணுக்குள் இருப்பதை எந்தத் தண்ணீராலும் பறிக்க முடியாது, அது போதும் அவளுக்கு.

சண்டை ஓய்ந்து ஒரு வருடம் கழித்து வந்த ஆடி அமாவாசைக்கு ஊரே அமிர்தகழிக் கோயில் தீர்த்தக்குளத்துக்குப் புறப்பட்டது. தகப்பன் இல்லாதவர்கள் தீர்த்தமாடும் நாள். அஜந்தாவுக்குச் சனநெரிசல் பயம், கடல் அதைவிடப் பயம். அதனால் ஊருக்குப் பின்பக்கம் வாவியில் இறங்கினாள். தாய் இரத்தினம்மா வழக்கம்போலக் கரையில் நின்றாள். ஆறு வருடமாக அவள் தண்ணீரில் கால் வைத்ததில்லை.

மற்ற வருடங்களில் தலையில் கொஞ்சம் தண்ணீர் தெளித்துக்கொண்டு ஓடிவருகிறவள், அன்று மூன்று முறை முழுகினாள். மூன்று முறையும் கண்ணை அகலத் திறந்து வைத்திருந்தாள். கலங்கல் தண்ணீரில் தன் விரல்கள் பத்தும் தெரிந்தன. கால்பக்கம் ஒரு மீன்குஞ்சு ஓடியதும் தெரிந்தது. கரையேறி அழுதாள். சந்தோசத்தில் அழுதாள், பாவம்.

நாலாம் நாள் இடக்கண் சிவந்தது. இரத்தினம்மா விடுவாளா? கிணற்றுத் தண்ணீரில் நந்தியாவட்டைப் பூவை ஊறப்போட்டுக் கண்ணைக் கழுவிவிட்டாள். அடுத்த நாள் அந்தக் கண்ணிலேயே லென்ஸைப் போட்டுக்கொண்டு வேலைக்குப் போனாள் மகள். பிறகு வெளிச்சத்தைப் பார்க்க முடியாமல் போனது. ஊசியால் குத்துவது போன்ற வலி. நூலகத்துக்குள்ளேயும் கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு இருந்தாள். முழுப் பூசணிக்காயைச் சோற்றுக்குள் மறைத்தவர்கள் இந்த உலகத்தில் யார் இருக்கிறார்கள்? எட்டாம் நாள் தாயையும் கூட்டிக்கொண்டு ஹிதாயாவிடம் போய்ச் சொட்டு மருந்து கேட்டாள்.

ஹிதாயா கறுப்புக் கண்ணாடியைக் கழற்றிப் பார்த்தாள். "யா அல்லாஹ்! என்ன தங்கச்சி இது? லென்ஸோட நித்திரை கொண்டீங்களா?"

"இல்ல அக்கா."

"தண்ணிக்குள்ள போனீங்களா?"

"இல்ல."

"நான் மருந்து தர மாட்டன். தந்தா பாவம் எனக்கு. லென்ஸையும் சிமிழையும் எடுங்க, ஆசுபத்திரிக்குப் போவம்." கடையை இன்னொருத்தியிடம் பாரம் கொடுத்துவிட்டு, தலைச்சீலையைச் சரிசெய்துகொண்டு முன்னால் நடந்தாள்.

டொக்டர் நீல வெளிச்சத்தில் கண்ணை நெடுநேரம் பார்த்தார். பிறகு அதே கேள்வியைக் கேட்டார். "இது சாதாரணக் கண்நோயா, தண்ணியில இருக்கிற கிருமியா எண்டு எனக்குத் தெரியவேணும். ரெண்டுக்கும் மருந்து வேற. பிழையான மருந்து போட்டா இந்தக் கண் போயிரும். லென்ஸோட தண்ணிக்குள்ள இறங்கினீங்களா?"

அஜந்தா தாயைப் பார்த்தாள். ஒரு கண்ணில்தான் பார்க்க முடிந்தது. இறங்கினேன் என்றால் ஏன் என்று அம்மா கேட்பாள். ஏன் என்றால் பூவரசு வரும், அந்தக் கறுப்பு வரும். சொல்லாவிட்டால் கண் போகும். கண் போனால் பிறகு எதைப் பார்க்க இந்தப் பாடெல்லாம்?

"இறங்கினன்," என்றாள். "ஆடி அமாவாசைக்கு. கண்ணைத் திறந்துகொண்டு முழுகினன்."

"எத்தின தரம் சொன்னன் கழட்டச் சொல்லி!" என்று வெடித்தாள் ஹிதாயா.

இரத்தினம்மாதான் மெதுவாகக் கேட்டாள். "ஏன் மகள் அப்பிடிச் செஞ்சாய்?"

அதன் பிறகு அடக்க முடியவில்லை. "அண்டைக்கு எண்ட கண்ணாடி போயிட்டும்மா. மரத்தில கிடக்கக்குள்ள கிட்ட ஒண்டு வந்தது. கட்டையோ ஆளோ எண்டு தெரியல. நான் கை நீட்டல. அது அப்பாவா இருந்தா? கண் தெரிஞ்சிருந்தா நான் பிடிச்சிருப்பன்தானே அம்மா?"

டொக்டர் பேனாவைக் கீழே வைத்தார். ஹிதாயா கோபத்தை எங்கே வைப்பதென்று தெரியாமல் நின்றாள்.

இரத்தினம்மா மகளுக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். "அது ஆரெண்டு எனக்குத் தெரியா மகள். ஆனா எண்ட கண்ணுக்கு அண்டைக்கு ஒரு குறையுமில்ல. உங்கட அப்பாவை நான் நல்லாக் கண்டன். 'இரத்தினம்' எண்டு கூப்பிட்டார். கையைப் பிடிச்சன். பிடிச்ச கை வழுகிப் போச்சு. கண் தெரிஞ்ச என்னாலயே ஏலாமப் போச்சே, உன்னால எப்பிடி ஏலும்?"

ஆறு வருடம் ஒரே வீட்டில், ஒரே பானைச் சோற்றைத் தின்றுகொண்டு, இருவரும் ஆளுக்கொன்றை ஒளித்து வைத்திருந்தார்கள்.

கிருமி வாவியில் மட்டும் இருப்பதில்லை, கிணற்றிலும் குழாயிலும் உண்டு என்றார் டொக்டர். வெறும் கண்ணாக இருந்தால் பெரும்பாலும் கழுவிக்கொண்டு போய்விடும். லென்ஸ் அதைக் கண்மணியோடு ஒட்டவைத்துப் பாதுகாத்திருக்கிறது. முதல் நாட்களில் மணிக்கொரு தரம் மருந்து. பிறகும் மாதக்கணக்கில் விடவேண்டியிருந்தது. கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரமா என்று ஹிதாயா ஏசிக்கொண்டே வருவாள். ஏசிக்கொண்டே நேரம் பார்த்துச் சொட்டு விடுவாள். கண் தப்பியது. இடக்கண்ணின் ஓரத்தில் மட்டும் ஒரு வெள்ளைத் தழும்பு தங்கிவிட்டது. லென்ஸுக்கு இனி இடமில்லை, பழையபடி தடித்த கண்ணாடிதான்.

அடுத்த ஆடி அமாவாசைக்கு வாவிக்கரையில் தாயோடு அஜந்தா நெடுநேரம் நின்றாள். பார்ப்பதற்கென்று வந்திருந்த ஹிதாயா கை நீட்டினாள். "கண்ணாடியைத் தாங்க. நான் பத்திரமா வச்சிருக்கன்."

கழற்றிக் கொடுத்ததும் வாவியும் வானமும் ஒன்றாகிப் போயின. அன்றைய அதே புகார். கால் எழவில்லை. திரும்பிவிடலாம் என்று நினைத்தபோது பக்கத்தில் சேலை நனைகிற சத்தம் கேட்டது. தண்ணீருக்குள் இருந்து ஒரு கை வந்து அவளுடைய கையைப் பிடித்தது. எலும்பு நோகிற பிடி.

யாருடைய கை என்று அவள் கண்ணை இடுக்கிப் பார்க்கவில்லை. இறுக்கிப் பிடித்துக்கொண்டு இறங்கினாள்.