பொறிமரம்

ஒன்னி பொல்லாதவன் இல்லை. பொல்லாதவனாக இருந்திருந்தால் அந்த மரத்தை எப்போதோ வெட்டித் தள்ளியிருப்பான்.

மே மாதத்தில் பூச்சி ஆபீஸிலிருந்து வந்த பெண், அவனுடைய சதுப்பு நிலத்து ஆஷ் மரங்களையெல்லாம் சுற்றிப் பார்த்துவிட்டு, வெயில் படும் ஓரத்தில் நின்ற பெரிய மரத்தைத் தேர்ந்தெடுத்தாள். இடுப்பு உயரத்தில் பட்டையை வளையமாக உரித்தாள்.

"இதுதான் பொறிமரம். காயம்பட்ட மரத்தோட வாசனைக்கு, ஆஷ் மரத்தைக் கொல்ற பச்சை வண்டெல்லாம் இதுக்குத்தான் வரும். இதுலயே முட்டை போடும். புழு பட்டைக்குள்ள இருக்கும்போதே, குளிர்காலத்துக்குள்ள வெட்டி எரிச்சிடுங்க. அப்படியே விட்டீங்கன்னா நாமளே பண்ணை வெச்சு வண்டு வளர்த்த மாதிரி ஆயிடும் சார்."

"வெட்டிடறேன்" என்றான் ஒன்னி. அந்த மரத்தின் மேல்தான் அவன் அண்ணன் ஆர்வோவின் வேட்டைப் பரண் இருந்தது. ஆனாலும் என்ன, பரணை வேறு மரத்தில் கட்டிக்கொள்ளலாம். அப்போது ஆர்வோ கல்லு மாதிரி இருந்தான்.

இந்த ஏற்பாட்டைக் கேட்டு அதிகம் நிம்மதியடைந்தது பக்கத்துப் பண்ணை லெம்பிதான். புருஷன் போன பிறகு தனியாக இருக்கிறவள். வீடு பள்ளத்தில். பின்னால் நிற்கும் ஆஷ் மரங்கள்தான் நிலத்து ஈரத்தையெல்லாம் உறிஞ்சிக்கொண்டிருந்தன. அவை செத்தால் நிலவறையில் தண்ணீர் ஏறும், கிணறு கெடும், வீடே ஊறிப்போகும். அவள் வயதில் எங்கே போய் இன்னொரு வீடு கட்டுவது?

"என் வீடு உன் கையிலதான்டா இருக்கு" என்றாள், பாதி கிண்டலாக.

"ஏன்க்கா, இத்தனை நாள் கடவுள் கையிலயா இருந்துச்சு?"

"அவரு உன்னைவிடச் சோம்பேறிடா."

இலை உதிரும் காலத்தில் ஆர்வோவுக்கு இருமல் வந்தது. மருத்துவமனையில் படம் எடுத்துப் பார்த்தார்கள். புற்று நுரையீரல் முழுக்கப் பரவிவிட்டது என்றார்கள். ஒன்னிக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. கல்யாணம் காட்சி எதுவும் இல்லாமல் ஒரே வீட்டில் கிடந்து வளர்ந்து நரைத்த இரண்டு பேர். நவம்பரில் மான் வேட்டை தொடங்கிய அன்று, ஆர்வோ நடக்க முடியாமல் மூச்சு வாங்கினான். ஒன்னி அவனைப் பின்னாலிருந்து தாங்கித் தாங்கிப் பரணில் ஏற்றிவிட்டான்.

மாலையில் இறக்கும்போது ஆர்வோ சொன்னான். "அடுத்த வருஷம் ஏணிக்கு ஒரு கைப்பிடி போட்டுடுடா. வயசாகுதில்ல."

அடுத்த வருஷமாம்! ஒன்னி அவன் காலைப் பிடித்து அடுத்த படியில் வைத்தான்.

சதுப்பு உறைந்து கல்லானது. மரம் வெட்ட அதுதான் காலம். டிராக்டரை நேராக மரத்தடிக்கே ஓட்டிக்கொண்டு போகலாம். மரங்கொத்திகள் புழுவுக்காகப் பொறிமரத்தின் பட்டையைக் கொத்திக் கொத்தி வெளுக்க வைத்திருந்தன. ஒன்னி மரம் அறுக்கும் மெஷினை இரண்டு தடவை வெளியே எடுத்தான், இரண்டு தடவையும் உள்ளே வைத்துவிட்டான். ஆர்வோவின் கட்டில் ஜன்னலோரம் கிடந்தது. மெஷின் சத்தம் கேட்டால் அவனுக்குப் புரிந்துவிடும். பரண் இருக்கிற மரத்தைத் தம்பி வெட்டுகிறான் என்றால், அடுத்த நவம்பருக்கு நான் இல்லை என்று எல்லாரும் முடிவு கட்டிவிட்டார்கள் என்றுதானே அர்த்தம்? அதைத் தன் கையால் அண்ணனிடம் சொல்ல ஒன்னிக்கு மனசு வரவில்லை. யாருக்குத்தான் வரும்?

"பரண் மேல பனி ஏறியிருக்கும். போய்த் தட்டிவிடு" என்பான் ஆர்வோ. ஒன்னி போய்த் தட்டிவிட்டு வருவான்.

ஆர்வோ ஏப்ரலில் போய்ச் சேர்ந்தான். அதற்குள் பனி உருகிச் சதுப்பு சேறாகிவிட்டது. டிராக்டர் என்ன, ஒரு ஆள் நடந்தாலே முழங்கால் வரை இறங்கியது. அப்போதும் முனைந்திருந்தால் முடிந்திருக்கும். நாலு பேரைக் கூப்பிட்டால் வரமாட்டார்களா? ஒன்னி யாரையும் கூப்பிடவில்லை. சாவு வீட்டில் மரமா பெரிசு என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு படுத்துக் கிடந்தான்.

சனிக்கிழமை வழக்கம்போல லெம்பி அவர்கள் வீட்டு நீராவிக் குளியலுக்கு வந்தாள். குளித்து முடித்து, ஈரத் தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு படியில் உட்கார்ந்து காப்பி குடித்தபோது கேட்டாள்.

"இருந்த துக்கத்துல கேக்கவே மறந்துட்டேன். அந்த மரத்தை வெட்டிட்டேல்ல?"

"வெட்டி எரிச்சாச்சுக்கா" என்றான் ஒன்னி, வாய் கூசாமல். அவள் சதுப்புப் பக்கம் போகிறதே இல்லை. ஆபீஸிலிருந்து போன் வந்தபோதும் அதையேதான் சொன்னான்.

ஜூனில் பொறிமரத்தின் பட்டையெல்லாம் சின்னச் சின்ன ஓட்டைகள். கண்ணைப் பறிக்கும் பச்சை நிறத்தில் வண்டுகள் புறப்பட்டுப் போயின. ஒன்னி கீழே நின்று பார்த்துக்கொண்டுதான் இருந்தான். பார்த்து என்ன பிரயோஜனம்?

லெம்பியின் மரங்கள் ஒரே நாளில் சாகவில்லை. முதலில் உச்சி காய்ந்தது. பிறகு பட்டை வெளுத்தது. நாலாவது வருஷம் ஒரு மரத்திலும் இலை வரவில்லை. அந்த வசந்தத்தில் நிலவறையில் உருளைக்கிழங்குப் பெட்டிகள் மிதந்தன. சுவரில் பூஞ்சை ஏறியது.

"பாலத்துக்குத் தெக்கே இருந்து வர்ற டவுன்காரனுங்க வேலைடா இது" என்று திட்டித் தீர்த்தாள் லெம்பி. "கூடாரம் போட வர்றேன்னு விறகையும் கட்டிக்கிட்டு வந்து, வண்டையும் கொட்டிட்டுப் போறானுங்க. நாசமாப் போக!"

இலையுதிர் காலத்தில் ஒன்னி, செத்த மரங்கள் வீட்டின்மேல் விழுவதற்குள் வெட்டித் தருகிறேன் என்று தானே போய் நின்றான். கூலி வேண்டாம் என்றான். செத்த ஆஷ் மரம் பொல்லாதது, சொல்லாமல் கொள்ளாமல் முறியும். கிளை ஒன்று அவன் தோளை உரசிக்கொண்டு விழுந்தது. மண்டையில் விழுந்திருந்தால் கணக்கு தீர்ந்திருக்கும் என்று நினைத்தான். உண்மையாகவே நினைத்தான்.

மத்தியானம் லெம்பி அவனை உள்ளே கூப்பிட்டுக் காப்பி ஊற்றினாள். ஏலக்காய் ரொட்டியை வெட்டி வைத்தாள். தரைப்பலகை காலடியில் நெளிந்தது.

"ஊர்ல எவன் பொறுப்பா இருந்தான், சொல்லு? வீட்டுல அண்ணன் சாகக் கிடக்கும்போதும் நீ சொன்ன சொல்லைக் காப்பாத்தினே. அதை நான் மறக்க மாட்டேன்டா."

ஒன்னி கையிலிருந்த ரொட்டியைத் தட்டில் வைத்தான்.

"நான் வெட்டலக்கா."

"எதை?"

"அந்த மரத்தை. இன்னும் நிக்குது. பரணும் அப்படியே இருக்கு. ஆர்வோ ஜன்னல்ல பாத்துக்கிட்டு இருந்தான்க்கா. அடுத்த வருஷம் ஏறணும்னு சொல்லிக்கிட்டே இருந்தான். என்னால முடியல."

லெம்பி அவனையே பார்த்தாள். வண்டு எப்படியும் ஒருநாள் வந்துதானே இருக்கும் என்று அவன் சொல்ல நினைத்தான். நாலு வருஷமாகத் தனக்குச் சொல்லிக்கொண்ட அந்தச் சமாதானம் அவள் முகத்துக்கு முன்னால் வாயிலிருந்து வரவில்லை.

"கடைசியா பரண்ல உக்காந்தானே" என்றாள் அவள். "மான் ஏதாவது வந்துச்சா?"

"ஒண்ணுகூட வரல."

அவள் எழுந்தாள். அவன் முன்னாலிருந்த காப்பியை எடுத்துத் தொட்டியில் ஊற்றினாள். கோப்பையைக் கழுவிக் கவிழ்த்தாள்.

"இன்னும் நாலு மரம் நிக்குது" என்றாள், திரும்பிப் பார்க்காமல். "இருட்டுறதுக்குள்ள முடிச்சிட்டுப் போ. சனிக்கிழமை எனக்காகக் குளியலுக்கு அடுப்பு மூட்டாத."