சுத்தியல் நின்ற சத்தம்

திரையில் ஏணி சரிந்தது. லெம் டகெட் சுண்ணாம்புத் தொட்டிக்குள் விழுந்தான், ரப்பர் பந்து மாதிரி எம்பி எழுந்தான், துரத்தி வந்த போலீஸ்காரனின் கைக்கடியில் புகுந்து ஓடினான். நாற்பத்து நாலு வயசுக்காரன் எழுந்த மாதிரியே இல்லை. இருட்டில் உட்கார்ந்திருந்த லெம்முக்கே பெருமையாகத்தான் இருந்தது.

"நிறுத்துய்யா," என்றார் படக் கம்பெனி முதலாளி கிளாபர். "அந்தக் கோழி ஏன்யா தந்தி அடிக்குது?"

லெம் அப்போதுதான் திரையில் தனக்குப் பின்னால் இருந்ததைப் பார்த்தான். கோழி தையல் மெஷின் ஊசியைப் போல நிலத்தைக் கொத்திக்கொண்டிருந்தது. கொடியில் போர்வை காயப்போடும் பொம்பளையின் கைகள் கொசு இறக்கை மாதிரி அடித்துக்கொண்டன. அவனைத் தவிர எல்லோரும் பேய் பிடித்தவர்கள் போல ஓடினார்கள். அவன் மட்டும்தான் மனுஷ வேகத்தில் இருந்தான்.

"நாளைக்கே திரும்ப எடு," என்றார் கிளாபர். "கோழி கோழி மாதிரி நடக்கணும், நீ உன்னை மாதிரி ஓடணும். முடியலேன்னா திங்கக்கிழமையிலேருந்து நீ நாற்காலியில உட்கார்ந்து டைரக்ட் மட்டும் பண்ணு. சர்க்கஸ்லேருந்து இருபத்திரண்டு வயசுப் பையன் ஒருத்தன் வர்றான், அவன் விழட்டும்."

சொல்லிவிட்டு சுருட்டை எடுத்துக்கொண்டு போய்விட்டார். கெட்ட மனிதரில்லை. கணக்காகப் பேசுவார், அவ்வளவுதான்.

லெம்முக்கு நாற்காலி ஆகாது. ஒன்பது வருஷமாக ஈடன்டேல் என்ற இந்த சினிமா ஊரில் அவனே எழுதி, அவனே எடுத்து, அவனே விழுந்தான். அடுத்தவனுக்கு ஒரு காட்சியைச் சொல்லிக்கொடுக்கவே அவனுக்கு வாய் வராது. விழுந்து காட்டுவான், "இப்படி" என்பான்.

வெளியே நீல்ஸ் கேமராவைத் துடைத்துக்கொண்டிருந்தான். ஸ்வீடன்காரன். கைப்பிடியைச் சுற்றும்போது வேகம் பிசகாமலிருக்க மூக்குக்குள்ளேயே ஒரு ஜெபப் பாட்டை முணுமுணுப்பான். ஒரு விநாடிக்கு இரண்டு சுற்று. கையை மெதுவாகச் சுற்றினால் திரையில் ஆட்கள் பறப்பார்கள். அது அந்த ஊரில் குழந்தைக்கும் தெரியும்.

"எத்தனை நாளா?" என்றான் லெம்.

"எது?"

"கையை மெதுவா விடறது."

நீல்ஸ் துணியை மடித்து வைத்தான். "ரெண்டு வருஷம். அந்த மாடிப்படி படத்துல உன் முட்டி டக்குன்னுச்சு பாரு, அது எனக்கு இங்க வரைக்கும் கேட்டுச்சு. அன்னிலேருந்து."

"ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?"

"சொன்னா நீ இன்னும் வேகமா விழுந்து செத்திருப்பே. அப்புறம் நான் யாரைப் படம் புடிக்கிறது, கோழியையா?"

லெம்முக்குக் கோபம் வரவில்லை. வேறொன்று உறைத்தது. ஊமைப் படம்தானே, பக்கத்து செட்டில் தச்சர்கள் ஆணி அடிப்பதை யாரும் நிறுத்தச் சொல்வதில்லை. நல்ல காட்சி என்றால் சுத்தியல்கள் ஒவ்வொன்றாகத் தானே நிற்கும். லெம் அதைக் காதில் வாங்கிக்கொண்டேதான் நடிப்பான். இந்த இரண்டு வருஷமாக ஒரு சுத்தியலும் நிற்கவில்லை. பார்த்துப் பார்த்துச் சலித்துவிட்டார்கள் என்று நினைத்திருந்தான். சலிப்பில்லை. அவர்கள் அவனைப் பார்த்தது நேரில், அவனுடைய நிஜ வேகத்தில்; நீல்ஸின் கை வழியாக அல்ல.

மறுநாள் பத்து மணிக்கு வெயில் சரியாக விழுந்தது. வெயில் கூசாமலிருக்கத் தலைக்கு மேலே மல்துணியை இழுத்துவிட்டார்கள். லெம் முகத்தில் கேமராவுக்கான மஞ்சள் பூச்சைத் தடவி, முட்டியில் கம்பளித் துணியை இறுக்கிச் சுற்றிக்கொண்டான். கிளாபர் வந்து ஓரமாக நின்றார்.

"பாட்டு வேகத்துலேயே சுத்து," என்றான் லெம்.

"கிழவனாத் தெரிவே."

"தெரியட்டும்ப்பா."

பக்கத்துக் கூரைச் சட்டத்தின் மேலிருந்து தச்சன் கஸ் கத்தினான். "என்ன லெம், ஏணியில ஏறவே இவ்வளவு நேரமா? மேல என்ன, மாமியார் வீடா?"

"உன் மாமியார் வீடுதான்டா! சாப்பாடு சரியில்லேன்னு இறங்கப் போறேன்!"

கேமரா ஓடத் தொடங்கியது. ஏணி சரிந்தது. லெம் தொட்டிக்குள் விழுந்தான். சுண்ணாம்புக்குப் பதிலாகக் கரைத்து வைத்திருந்த மாவுத் தண்ணீர் நாலாபக்கமும் தெறித்தது. எம்பி எழ வேண்டிய இடம். அவன் எழவில்லை. விளிம்பில் கையூன்றிப் பாதி எழுந்தான். முட்டி கேட்கவில்லை. திரும்ப உட்கார்ந்தான். மறைக்கவும் இல்லை. நாள் முழுக்க வேலை பார்த்தவன் வெந்நீர்த் தொட்டியில் சாய்கிற மாதிரி சாய்ந்தான். கையிலிருந்த வெள்ளையடிக்கும் தூரிகையைப் பார்த்தான். வந்ததற்கு வேலை செய்வோமென்று தொட்டியின் உள்பக்கத்துக்கு வெள்ளையடிக்க ஆரம்பித்தான்.

போலீஸ் வேஷம் போட்ட ஹாப் பாய்ந்து வந்தான். ஆறடித் தடியன், மனசு வெண்ணெய். பிடரியைப் பிடிக்கக் குனிந்தவனிடம் லெம் கையை நீட்டினான், தூக்கிவிடப்பா என்கிற மாதிரி. முன்னேற்பாடு எதுவும் கிடையாது. ஹாப் யோசிக்கவே இல்லை, பிடித்துத் தூக்கிவிட்டான். லெம் ஒரு காலை வெளியே வைத்தான். ஹாப்பின் தோளைப் பிடித்துக்கொண்டு மற்றதையும் வைத்தான். ஹாப்பின் சட்டைப் பொத்தானைச் சரிசெய்தான், தொப்பியைத் தொட்டு நன்றி சொன்னான், நொண்டிக்கொண்டே தன் பாட்டுக்கு நடந்தான். கோழி ஒன்று அதே நடையில் அவன் பின்னால் போனது. ஹாப் வெள்ளையான தன் கையையே பார்த்துக்கொண்டு நின்றான்.

முதலில் இடதுபுறம் ஒரு சுத்தியல் நின்றது. பிறகு இன்னும் இரண்டு. கஸ்ஸின் சுத்தியல் மட்டும் டொக், டொக் என்று போய்க்கொண்டிருந்தது. லெம் நடந்துகொண்டே இருந்தான். கேமராவின் பார்வைக்கு வெளியே போவதற்கு நாலடி இருக்கும்போது அதுவும் நின்றது. மேலிருந்து ஆணிப் பெட்டி கவிழ்ந்த சத்தமும், பின்னாலேயே கஸ் மூச்சு வாங்கச் சிரிக்கிற சத்தமும் வந்தன.

நீல்ஸ் பாட்டை விடாமல் கடைசி வரை சுற்றினான். சிரிப்பில் தோள் குலுங்கியது, கை குலுங்கவில்லை.

கிளாபர் சுருட்டை வாயிலிருந்து எடுத்தார். "கோழி சரியா நடந்துச்சு," என்றார். "திங்கக்கிழமை என்ன படம்?"

"படிக்கட்டு."

"எத்தனை படி?"

"பன்னிரண்டு. ஏறவே ரெண்டு ரீல் ஆகும் சார்."

"அந்த சர்க்கஸ் பையன்?"

லெம் தொட்டி விளிம்பில் உட்கார்ந்து கம்பளித் துணியை அவிழ்த்தான். "வரச் சொல்லுங்க. நான் ஒரு படி ஏறுறதுக்குள்ள என்னைத் தாண்டித் தாண்டி ஓடட்டும்."